லாக்டோமீட்டர் தண்ணீரை அளப்பதில்லை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பால் கள்ளிச்சொட்டாக இருந்தால்தான் காபி என்று நினைக்கும் வீடுகள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஏராளம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் இன்னும் மாடு வைத்துக் கறப்பவர்கள் இருக்கிறார்கள். அடையாறு அடுக்ககங்களுக்குப் புறநகரிலிருந்து கேனில் பால் வருகிறது. மாத அட்டை வைத்து ஆவின் பூத்தில் வாங்குகிறவர்கள் இவர்களைவிட அதிகம். பால் எங்கிருந்து வந்தாலும் அதன்மேல் சந்தேகம் மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே பலர் லாக்டோமீட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய அன்றே பாலில் மிதக்கவிட்டு, எண்ணைப் பார்த்து, மறுநாள் காலையில் பால்காரரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு முன்னால் கருவியைக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்காமல் ஒருவரைத் திருடர் என்பது பெரிய அநியாயம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கண்ணாடிக் குழாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது மிதக்கிறது; அவ்வளவுதான். திரவம் கனமாக இருந்தால் மேலே நிற்கும், லேசாக இருந்தால் உள்ளே இறங்கும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000. பசும்பாலுக்கு ஏறக்குறைய 1.028 முதல் 1.030, எருமைப் பாலுக்கு 1.030 முதல் 1.032. கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்து 28, 30 என்று சொல்வது வழக்கம். பால் சங்கங்களில் இதையே டிகிரி என்பார்கள். ‘டிகிரி காபி’ என்ற பெயர் இதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

பாலில் மூன்று சரக்குகள் இருக்கின்றன. தண்ணீர் ஒன்று. தண்ணீரைவிட லேசான கொழுப்பு இன்னொன்று. அதன் ஒப்படர்த்தி சுமார் 0.93. மூன்றாவது, தண்ணீரைவிடக் கனமான புரதமும் பால் சர்க்கரையும் உப்புகளும். இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பால் சங்கத்துக்காரர்கள் எஸ்.என்.எஃப். என்பார்கள், கொழுப்பு நீங்கலான திடப்பொருள். லாக்டோமீட்டர் காட்டும் எண் இந்த மூன்றும் சேர்ந்த எடையிலிருந்து வருகிறது. தண்ணீரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வழி அதற்குக் கிடையாது.

நம்பிக்கை: “எண் இறங்கிடுச்சு. அப்போ தண்ணி கலந்திருக்கு.”

சென்னையில் பிடிபடும் ‘திருட்டுகளில்’ மிகுதியானவை வெப்பநிலையின் வேலை என்றே நான் நினைக்கிறேன். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

கருவியின் தண்டில் சிறிய எழுத்தில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். கெவென் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்கும் பழைய வகை லாக்டோமீட்டர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.5 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. ஐரோப்பாவின் குளிருக்கு அது பொருந்தும். இந்தியப் பால் பண்ணைகளில் 84 டிகிரி ஃபாரன்ஹீட் கருவியும், இந்தியத் தர நிர்ணயத்தின்படி 27 டிகிரி செல்சியஸுக்குச் செய்த கருவியும் புழங்குகின்றன. மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பால் சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும். 60 டிகிரி கருவிக்கு, அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கும் 0.1 என்று காட்டிய எண்ணோடு கூட்ட வேண்டும். குறைந்தால் அதே அளவு கழிக்க வேண்டும். தி.நகரில் ஒரு சமையலறை. பால் 32 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. சென்னைக்கு இது சாதாரணம். ஃபாரன்ஹீட்டில் அது ஏறக்குறைய 90. வித்தியாசம் 30, திருத்தம் 3. அதாவது, 30 காட்ட வேண்டிய நல்ல பால் அந்தக் கருவியில் 27 காட்டும்.

30 டிகிரிப் பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தாலும் எண் 27தான் ஆகும். ஆக, நம் ஊர் வெயில் மட்டுமே, ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத பாலில், பத்து சதவீதத் தண்ணீர் கலந்ததுபோன்ற எண்ணைக் காட்டிவிடும். வாசலில் நிற்கும் பால்காரருக்கு இதை எப்படி மறுப்பது என்று தெரியாது. கையில் கருவி வைத்திருப்பவரின் பேச்சே எடுபடும்.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை 84 டிகிரிக் கருவியில் பார்த்தால் எண் மூன்று, நான்கு ஏறிவிடும். பத்து சதவீதம் தண்ணீர் கலந்த பாலும் அங்கே நல்ல பெயர் வாங்கும். அவ்வளவு குளிர்ந்த பாலுக்கு 0.1 திருத்தக் கணக்கும் சரியாக வராது. கருவிக்கு உரிய வெப்பநிலையிலிருந்து ஐந்தாறு டிகிரி செல்சியஸ் தள்ளிப் போனாலே திருத்தத்தை நம்புவதைவிடப் பாலை அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவருவதே சரி.

கருவி உண்மை சொல்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு உபயோகக் கருவிகளில் எம், 3, 2, 1, டபிள்யூ என்று குறிகள் இருக்கும். எம் என்றால் பால், டபிள்யூ என்றால் தண்ணீர். தண்ணீரில் விட்டால் டபிள்யூவில் நிற்க வேண்டும். ஆனால் அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்தில் உப்பேறிய போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீரே ஒரு டிகிரிக்கு மேல் கருவியைத் தூக்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது.

இந்தப் பிழைகள் பாலுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவில் 1978இல் சட்டம் திருத்தப்பட்டபின் வீட்டிலேயே பியர் தயாரிப்பது பெரிய பொழுதுபோக்கானது. (1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை.) முளைகட்டிய தானிய ஊறலின் சர்க்கரையை அவர்கள் அளப்பதும் இதே மிதவைக் குழாயால்தான். அங்கும் எண் எதிர்பாராமல் குறைந்தால் முதலில் தானியத்தைக் குறை சொல்வார்கள். தேடிப்போனால் காரணம் ஊறல் சூடாக இருந்ததாகவோ, மேலே ஊற்றிய தண்ணீர் அடிவரை கலக்காததாகவோ, குழாயில் குமிழிகள் ஒட்டியதாகவோ இருக்கும். பாலுக்கும் இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். மேலாகச் சாய்த்து எடுத்தால் ஓர் எண், கேனின் அடியிலிருந்து எடுத்தால் வேறோர் எண். நுரை வராமல் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் கலந்த பிறகே அளக்க வேண்டும்.

நம்பிக்கை: “கண்ணெதிரே கறந்த பாலில் எண் தப்பாது.”

உண்மையில் எல்லாவற்றையும்விடக் குறைந்த எண் காட்டுவது அந்தப் பால்தான். மடியிலிருந்து வரும்போது அது 38 டிகிரி செல்சியஸில் இருக்கும். 60 டிகிரிக் கருவியில் இதனால் மட்டும் நான்கு டிகிரி போகும். அதோடு, பீய்ச்சும்போது பாலுக்குள் காற்று புகுந்திருக்கும். கொழுப்பு இன்னும் உருகிய நிலையில் இருக்கும். அந்தக் காற்று வெளியேறி, கொழுப்பு இறுகி, புரதம் நீர் பிடித்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் எண் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை தானாக ஏறும். இதை முதலில் விவரித்த ஜெர்மானிய அறிஞர் ரெக்நாகெலின் பெயராலேயே பால் அறிவியலில் இது வழங்குகிறது. காலை 5 மணிக்குக் கறந்த பால் உடனே ஓர் எண்ணும், 10 மணிக்கு வேறோர் எண்ணும் காட்டினால் இடையில் யாரும் எதையும் ஊற்றவில்லை.

மாடும் தினம் ஒரே மாதிரி கறப்பதில்லை. ஒரே கறவையில் முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் ஒட்டக் கறக்கும்போது வருவதில் பல மடங்கு அதிகம். இரண்டு கறவைகளுக்கு இடைவெளி கூடினால் கொழுப்பு குறையும். கோடையில் மாடு தீனி குறைத்துத் தின்னும்போது கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் இரண்டுமே சரியும். கன்று ஈன்று எத்தனை மாதம் ஆயிற்று என்பதும் கணக்கில் வரும். ஒரே மாட்டின் பாலை வாங்குகிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை முழுதாகப் பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கான மாடுகளின் பால் கலந்த பாக்கெட்டில் அது தெரியாது.

நம்பிக்கை: “எண் கூடினால் கெட்டிப் பால்.”

இது இருப்பவற்றிலேயே தலைகீழான நம்பிக்கை. கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எஸ்.என்.எஃப்.பைக் கண்டுபிடிக்க ரிச்மண்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் தந்த வாய்பாடு எளிது: திருத்திய லாக்டோமீட்டர் எண்ணை நான்கால் வகுத்து, கொழுப்புச் சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, மேலும் 0.14 கூட்ட வேண்டும். 60 டிகிரிக் கருவிக்கான வாய்பாடு இது. மற்றக் கருவிகளுக்கு எண்கள் சற்று மாறும். இதையே திருப்பிப் போட்டால், பாக்கெட்டில் அச்சிட்ட தரத்திலிருந்து என்ன எண் வரவேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், எஸ்.என்.எஃப். 9. வர வேண்டிய எண் சுமார் 30.6. நீல நிறச் சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5. அதற்கு எண் 31. இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 1.5, எஸ்.என்.எஃப். 9. அதன் எண் 34ஐத் தாண்டும். கொழுப்பு மிகக் குறைந்த பால்தான் கருவியில் முதலிடம் பிடிக்கிறது. கொழுப்பை முழுக்க எடுத்துவிட்ட பால் 35, 36 காட்டும்.

எண்ணைப் பார்த்துக் காபிக்குப் பால் தேர்ந்தெடுத்தால் டிகாக்ஷன்தான் வீணாகும். நாக்கு கெட்டி என்று உணர்வதில் பெரும்பங்கு கொழுப்புடையது. கருவியோ அதற்காக எண்ணைக் குறைக்கிறது.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களில் சங்கத்துக்குப் பால் ஊற்றும் விவசாயிக்குக் கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்ற இரண்டையும் வைத்தே பணம் கிடைக்கிறது. வாய்பாட்டில் எண்ணை நான்கால் வகுக்கிறோம். ஒரு டிகிரி பிசகினால் எஸ்.என்.எஃப். கால் சதவீதம் பிசகும். 8.5 இருக்க வேண்டிய பால் 8.25 ஆகப் பதிவாகும். வெயில் நாளில் வெப்பநிலைத் திருத்தம் போடாமல் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் அவர் கூலியிலிருந்து பிடிக்கும் பணம். கையால் அளக்கும் இடங்களில் லாக்டோமீட்டருக்குப் பக்கத்தில் வெப்பமானி இருக்கிறதா என்று கேட்பது அவருடைய உரிமை.

நம்பிக்கை: “எண் சரியாக இருந்தால் பால் சுத்தம்.”

இது ஆபத்தான நம்பிக்கை. ஏமாற்ற நினைப்பவர் இந்தக் கருவியின் பலவீனத்தை நம்மைவிட நன்றாக அறிவார்.

4.5 சதவீதம் கொழுப்பும் 30 டிகிரியும் உள்ள 100 லிட்டர் பால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொழுப்பை 1.5க்குக் கொண்டுவரும் அளவுக்கு வெண்ணெயாக எடுத்துவிட்டால் எண் 33ஐத் தொடும். அதில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மீண்டும் 30. வெண்ணெயும் போயிற்று, தண்ணீரும் சேர்ந்தது. லாக்டோமீட்டர் பழைய எண்ணையே காட்டுகிறது. கொழுப்பைத் தனியாக அளக்காமல் இதைப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் கெர்பர் முறை. கந்தக அமிலம் ஊற்றிப் புரதத்தைக் கரைத்து, சுழற்றி, மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பைக் குழாயில் படிப்பார்கள். அமிலம் புழங்குவதால் அது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் கூடாது.

தண்ணீர் ஊற்றிய பிறகு சர்க்கரை, குளுக்கோஸ், உப்பு, யூரியா என்று எதைக் கரைத்தாலும் எண் ஏறும். மிதக்கும் கருவிக்குப் பால் சர்க்கரையும் கடைச் சர்க்கரையும் ஒன்றுதான்.

சேர்த்த தண்ணீரைப் பிடிக்க ஆய்வகங்கள் உறைநிலையைப் பார்க்கின்றன. பால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 0.52 முதல் மைனஸ் 0.54 டிகிரி செல்சியஸ் அளவில் உறையும். கொழுப்பு கூடினாலும் குறைந்தாலும் இது அதிகம் மாறாது. தண்ணீர் சேரச் சேரப் பூஜ்யத்தை நோக்கி நகரும். லாக்டோமீட்டரைவிடப் பன்மடங்கு நம்பகமான சாட்சி இது.

வீட்டிலும் சில சோதனைகளைச் செய்யலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமே இவற்றை மக்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. பாலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. யூரியாவுக்குத் துவரம்பருப்பே போதும். ஒரு ஸ்பூன் பாலில் அரை ஸ்பூன் பச்சைத் துவரம்பருப்புப் பொடியைக் கலந்து, ஐந்து நிமிடம் விட்டு, சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனைத்து எடுத்துப் பாருங்கள். பருப்பில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாக உடைப்பதால் தாள் நீலமாகும். ஆனால் நல்ல பாலிலும் இயற்கையாகக் கொஞ்சம் யூரியா உண்டு, 700 பி.பி.எம். வரை சட்டமே அனுமதிக்கிறது. லேசாக நிறம் மாறியதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சாய்வான வழவழப்பான பரப்பில் ஒரு சொட்டு பால் விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கொழுப்பு குறைந்த பாலும் ஓடும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நம்பிக்கை: “பாக்கெட் பாலில் பவுடர் இருக்கு, ஆடையும் கட்டவில்லை. அதனால் கலப்படம்.”

சமன்படுத்தப்பட்ட பால் என்பதே பாலோடு தண்ணீரும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் சேர்த்துச் செய்த வகை. பம்பாயின் ஆரே பால் திட்டத்தில் குரோடி என்பவர் 1946இல் தொடங்கிவைத்தது. கொழுப்பைக் குறைத்து விலையைக் குறைக்கும் சட்டபூர்வமான வழி அது. கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து ஒருபடித்தாக்கிய பாலில் மேலாடை மெல்லியதாகத்தான் வரும். அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை.

நம்பிக்கை: “நாட்டில் விற்கும் பாலில் 68 சதவீதம் விஷம்.”

2011இல் தர ஆணையம் 1,791 மாதிரிகளை எடுத்தது. அவற்றில் 68.4 சதவீதம் தர விதிகளுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாததற்குப் பெரிய காரணம் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் குறைந்திருந்ததும், பால் பவுடரும் குளுக்கோஸும் காணப்பட்டதும்தான். சோப்புப் பொருள் இருந்தவை 103 மாதிரிகள். அது சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் தரம் குறைந்தது வேறு, விஷம் வேறு. 2025க்குள் 87 சதவீத இந்தியர்களுக்குப் பாலால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததாக ஒரு வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகள் சுற்றியது. அப்படி எந்த அறிவுரையும் தரவில்லை என்று அந்த நிறுவனம் மறுத்துவிட்டது.

2018இல் இதைவிடப் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள். யூரியா, சோப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டது 12 மட்டுமே. 93 சதவீதம் குடிக்கப் பாதுகாப்பானவை. அவற்றிலும் பல கொழுப்பிலோ எஸ்.என்.எஃப்.பிலோ தரம் தாழ்ந்திருந்தன. ஆக, லாக்டோமீட்டர் வைத்துக்கொண்டு நாம் தேடும் எதிரி அங்கே சிறுபான்மை.

மிஞ்சிய பிரச்சினையில் தமிழ்நாட்டின் பெயர் முதலில் வந்தது. அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்த மாதிரிகள் நாடு முழுவதும் 368. அவற்றில் 88 தமிழ்நாட்டில் எடுத்தவை. இங்கே சோதித்தவை மொத்தம் 551. இந்த நஞ்சுக்குச் சட்டம் அனுமதிப்பது ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. எந்த மிதவைக் கருவிக்கும் அது தெரியாது. காய்ச்சினாலும் அழியாது. ஊற்றியவர் என்று யாரும் இல்லை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றைத் தின்ற மாட்டின் உடலிலிருந்து அது பாலுக்கு வருகிறது. மாட்டுக்காரரிடம் லாக்டோமீட்டரை நீட்டுவதைவிட, மழைக்காலத்தில் தீவன மூட்டை தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் அவருக்கும் உங்களுக்கும் பயன் அதிகம். கேனில் பால் வாங்கும் அடுக்ககச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொழுப்பு, உறைநிலை, அஃப்லாடாக்சின் ஆகிய மூன்றையும் சோதிக்கக் கொடுக்கலாம். செலவைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளலாம். அறிக்கையின் ஒரு நகலைப் பால்காரருக்கும் கொடுக்க வேண்டும்.